சென்ட்டில் உதிரும் சில்லறை

தாத்தா வாங்கியது மூன்று மா. கிரயப் பத்திரத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கணக்கில் 12 அடிக் கோலால் அளந்த சதுரம் ஒரு குழி. அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. மூன்று மாவுக்கு 43,200 சதுர அடி.

அப்பா பெயருக்கு அது வந்தபோது பத்திரம் எழுதியவர் "ஏக்கர் 1.00" என்று போட்டார். எங்கள் பக்கம் மூன்று மாவை ஒரு ஏக்கர் என்று சொல்லாதவர் கிடையாது. ஏக்கர் என்றால் 43,560 சதுர அடி. பேனா ஒரு முறை அசைந்ததில் 360 சதுர அடி கூடிவிட்டது.

பிறகு பட்டா வந்தது. 1979 முதல் 1987 வரை மாநிலம் முழுக்க நடந்த நில உடைமைப் பதிவேடு புதுப்பிப்பில் பழைய ஏக்கரும் சென்ட்டும் ஹெக்டேராகவும் ஏராகவும் மாறின. எங்கள் பட்டாவில் நன்செய் கட்டத்தில் "0 – 40.50". அதாவது 0 ஹெக்டேர், 40.50 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், ஆக 4,050 சதுர மீட்டர். அடியில் சொன்னால் 43,594 சதுர அடி.

பக்கத்து வயலின் வரப்பை யாரும் வெட்டவில்லை, வாய்க்கால் இடம் மாறவில்லை. எல்லைக்கல் இரண்டு காணாமல் போனது உண்மை, ஆனால் அது வேறு கதை. மூன்று காகிதங்களில் ஒரே வயல் 394 சதுர அடி வளர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் சமையலறையோடு ஒரு குடித்தனம் நடத்தலாம்.

இந்த வளர்ச்சிக்கும் தேய்வுக்கும் ரூபாயில் ஒரு பேரேடு போட்டுப் பார்ப்பதுதான் என் வேலை. அதற்கு ஒரே விலையை எடுத்துக்கொள்கிறேன்: சென்ட் 1 லட்சம் ரூபாய். எந்த ஊரின் விலையும் அல்ல, கணக்குக்கு வசதியான விலை. சதுர அடிக்கு 229 ரூபாய் 57 காசு வரும். அந்த விலையில் காகிதத்தில் முளைத்த 394 சதுர அடியின் மதிப்பு சுமார் 90,400 ரூபாய்.

முதலில் அடிப்படை எண்கள். 1959 முதல் ஒரு அடி என்பது துல்லியமாக 0.3048 மீட்டர். இதில் தோராயம் இல்லை, வரையறையே அதுதான். அதைத் தன்னாலேயே பெருக்கினால் ஒரு சதுர அடி 0.09290304 சதுர மீட்டர். திருப்பிப் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 10.7639 சதுர அடி. ஏக்கர் 4,046.86 சதுர மீட்டர், சென்ட் 40.47 சதுர மீட்டர், ஹெக்டேர் 2.47105 ஏக்கர், ஏர் 2.471 சென்ட். இவ்வளவுதான் சரக்கு. மீதியெல்லாம் இதைக் கையாளும் விதம்.

43,560 என்ற விநோதமான எண் எங்கிருந்து வந்தது என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1620 வாக்கில் நில அளவைக்கு ஒரு சங்கிலி செய்தார். நீளம் 66 அடி, 100 கண்ணிகள். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 66 x 66 = 4,356, அதைப் பத்தால் பெருக்கினால் 43,560. நம் சென்ட் இதே சங்கிலியின் பிள்ளை: 1,000 சதுரக் கண்ணி ஒரு சென்ட். சங்கிலி நூறாகவும் ஏக்கர் நூறாகவும் பிரிந்ததால் சென்ட் கணக்கு பிறவியிலேயே தசம கணக்கு. மெட்ரிக் வந்தபின் நம் ஊர்க்காரர்கள் சென்ட்டை விடாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ரூபாய்க்கு நூறு பைசா போல ஏக்கருக்கு நூறு சென்ட் ஏற்கெனவே கையில் இருந்தது. யாழ்ப்பாணத்தார் நிலைமை வேறு. அங்கே ஏக்கருக்கு 160 பேர்ச், ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 10 பேர்ச் ஒரு பரப்பு. 16 பரப்பு ஒரு ஏக்கர். நம் கணக்கில் ஒரு பரப்பு என்பது ஆறேகால் சென்ட், மிச்சமே இல்லாமல்.

சென்ட்டுக்கு 435.6 சதுர அடி. இந்தப் புள்ளி ஆறை யாரும் மதிப்பதில்லை. "ரவுண்டா 435 போடுங்க சார்" என்பார் தரகர். ஒரு சென்ட்டில் அது அரைச் சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், கால் வைக்கும் இடம். ஒரு ஏக்கரை மனைகளாக்கிச் சதுர அடி விலையில் விற்றால் 60 சதுர அடி, 13,770 ரூபாய். 436 என்று மேலே தள்ளினால் 40 சதுர அடி எதிர்ப்பக்கம் போகும். தரகர் எந்தத் தரப்பிலிருந்து வந்தார் என்பதை அவர் சொல்லும் எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

இனி மூன்று மாவுக்கு வருவோம். அதுதான் எங்கள் வீட்டுப் பிழை. மா என்ற சொல்லுக்கே இருபதில் ஒன்று என்று பொருள். 20 மா ஒரு வேலி, 2,88,000 சதுர அடி, 6.61 ஏக்கர். மூன்று மா ஒரு ஏக்கர் என்ற வாய்ப்பாட்டை ஒரு வேலிக்கு நீட்டினால் 6.67 ஏக்கர் வரும். வித்தியாசம் எவ்வளவு என்று ஒரு நாள் மத்தியானம் போட்டுப் பார்த்தேன். 2,90,400 கழித்தல் 2,88,000. சரியாக 2,400 சதுர அடி. சென்னைக்காரர்கள் ஒரு கிரவுண்டு என்பார்களே, அதே அளவு. வேலி நிலம் வாங்கியவர் ஊர் வாய்ப்பாட்டை நம்பி ஏக்கர் விலை கொடுத்திருந்தால், இல்லாத ஒரு கிரவுண்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார். நம் விலையில் 5,51,000 ரூபாய்.

இது தற்செயலா என்றால் பாதிதான். கிரவுண்டும் மாவும் ஒரே குடும்பம். 24 கிரவுண்டு ஒரு காணி, 57,600 சதுர அடி. நான்கு மாவும் 57,600 தான். ஐந்து காணி ஒரு வேலி. வடக்கே விழுப்புரம் பக்கம் காணி என்று சொல்வதும் இதுதான், 132 சென்ட்டும் சொச்சமும். புதுச்சேரியில் குழி 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. காரைக்காலில் குழி நம் தஞ்சாவூர்க் குழி. ஒரே ஆட்சிப் பரப்பில் இரண்டு குழி. போதாததற்கு அங்கே பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன ஹெக்டேர், ஏர், சென்டியர் என்ற வரிசையும் ஆவணங்களில் நிற்கிறது. சென்டியர் என்பது ஒரு சதுர மீட்டர். அதைச் சென்ட் என்று படித்தவர் நாற்பது மடங்கு ஏமாந்துபோவார். மெட்ரிக் முறையைப் பிரான்சு 1795இல் சட்டமாக்கியபோது பரப்புக்கு வைத்த அலகே ஏர்தான். ஆகவே பட்டாவில் இருக்கும் அந்த "ஏர்" நம் ஏர் உழவோடு எந்த உறவும் இல்லாதது. பலர் உறவு இருப்பதாகவே நம்புகிறார்கள். நானும் வெகுநாள் நம்பினேன்.

அடுத்த பிழை இரண்டரை. "ஒரு ஹெக்டேர் இரண்டரை ஏக்கர்." விவசாயக் கூட்டத்தில் அதிகாரி சொல்வார், டி.வி.யில் சொல்வார்கள். உண்மை 2.471. ஹெக்டேருக்கு 1,261 சதுர அடி அதிகம், 2.89 சென்ட், 2,89,000 ரூபாய்.

இதற்கு ஒரு இரட்டைப் பிறவி உண்டு. மீட்டரை அடியாக்க 3.28க்குப் பதில் 3.3 என்று போடுபவர்கள் இருக்கிறார்கள். 3.3ஐ 3.3ஆல் பெருக்கினால் 10.89. ஹெக்டேருக்கு 1,08,900 சதுர அடி. அதை 43,560ஆல் வகுத்தால் அணுவளவும் மிச்சமில்லாமல் 2.5. அதாவது நீளத்தில் 3.3 என்பதும் பரப்பில் இரண்டரை என்பதும் ஒரே தப்பு, இரண்டு சட்டை. காரணம் சங்கிலி: 66 அடியை 3.3ஆல் வகுத்தால் 20 மீட்டர். கன்டர் சங்கிலி உண்மையில் 20.1168 மீட்டர். இப்போது புழங்கும் மெட்ரிக் சங்கிலி 20 மீட்டர், அதிலும் நூறு கண்ணி. பழைய புலப்படத்தில் கண்ணிக் கணக்கில் இருக்கும் அளவைப் புதுச் சங்கிலியால் தரையில் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு சங்கிலிக்கும் 11 சென்டிமீட்டரும் கொஞ்சமும் குறையும். பத்துச் சங்கிலி நீள வரப்பில் ஒரு மீட்டருக்கு மேல். "கல்லை நகர்த்திவிட்டான்" என்று பக்கத்து நிலத்துக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன், எந்தச் சங்கிலி என்று கேட்டுவிட்டால் நல்லது.

எத்தனை தசம இடம் வேண்டும்? ஒரு ஹெக்டேரை வைத்துப் பார்த்தேன், சரியான விடை 1,07,639 சதுர அடி.

சதுர மீட்டருக்கு 10.75 போட்டால்: 139 சதுர அடி குறைவு, 31,900 ரூபாய்.
10.76 போட்டால்: 39 சதுர அடி குறைவு, சுமார் 9,000 ரூபாய்.
10.764 போட்டால்: 1 சதுர அடி கூடுதல், 206 ரூபாய்.
ஹெக்டேருக்கு 2.47 ஏக்கர் போட்டால்: 46 சதுர அடி குறைவு, 10,500 ரூபாய்.

10.764 என்ற எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளலாம். அதற்கு மேல் தசமம் போடுவது மல்லிகைப்பூவை நகைக்கடைத் தராசில் நிறுப்பது.

இதுவரை பார்த்தவை பெருக்கல் பிழைகள். பணம் அதிகம் போகும் இடம் வேறு. பட்டாக்களைக் கூர்ந்து பாருங்கள். பழைய பட்டாக்கள் பலவற்றில் ஏர் எண்ணின் தசமத்தில் 00 அல்லது 50 தான் நிற்கும். அரை ஏருக்குக் கீழே கணக்கு வைக்காத வழக்கம். அரை ஏர் என்றால் 50 சதுர மீட்டர், 538 சதுர அடி, 1.24 சென்ட். ஒரு ஏக்கரின் உண்மை மதிப்பு 40.47 ஏர், அருகில் இருக்கும் அரை 40.50. ஆகவே ஏக்கர் வைத்திருந்தவருக்கு 34 சதுர அடி லாபம், 7,800 ரூபாய். 75 சென்ட் 30.35 ஏர், அது 30.50 ஆகிறது. 160 சதுர அடி லாபம். 50 சென்ட்? 20.23 ஏர். அருகில் இருப்பது 20.00. அரை ஏக்கர் வைத்திருந்த ஏழைக்கு 252 சதுர அடி நட்டம், 57,900 ரூபாய். அரசு யாரையும் ஏமாற்ற நினைத்துச் செய்ததல்ல. எண் எங்கே விழுந்ததோ அந்த இடத்து அதிர்ஷ்டம்.

எங்கள் வீட்டில் இந்த அதிர்ஷ்டம் இரண்டாகப் பிரிந்தது. அப்பாவுக்குப் பின் நானும் தம்பியும் நிலத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள முடிவு செய்தோம். நடுவில் கயிறு கட்டி, முளை அடித்து, இரண்டு பேரும் இரண்டு முனையில் நின்று பார்த்துக்கொண்டோம். உட்பிரிவு வரைவு வந்தது. 40.50ஐ இரண்டாக்கினால் 20.25. அரை ஏருக்குக் கீழே போகாத கை எழுதியது: ஒரு உட்பிரிவு 20.50, மற்றது 20.00. கூட்டினால் தாய் எண்ணோடு சரியாகப் பொருந்துகிறது. 20.50 தம்பிக்கு, 20.00 எனக்கு.

தரையில் இரண்டும் சமம். காகிதத்தில் தம்பி என்னைவிட 538 சதுர அடி பணக்காரன். 1,23,500 ரூபாய். அவன் சிரித்தான். நானும் சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக. "அண்ணே, வேணும்னா நம்பரை மாத்திக்கலாம்" என்றான். மாற்றினால் நான் பணக்காரன், அவ்வளவுதான். பங்காளிச் சண்டைகளில் எத்தனை இப்படி ஒரு அரை ஏரில் தொடங்கியிருக்கும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

இது காகிதத்தோடு நிற்காது. நிலம் வாங்க வருகிறவர் பத்திரம், பட்டா, தரை மூன்றையும் பார்த்து எது குறைவோ அதற்குத்தான் விலை பேசுவார். விற்கிறவர் எது அதிகமோ அதைச் சொல்வார். பதிவு செய்யும்போது முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு, ஆக 9. இல்லாத 1.24 சென்ட்டுக்கு அதிலும் 11,100 ரூபாய் கட்ட வேண்டிவரும். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பைத் தேடினால் "பிரிட்டிஷ் மதிப்பு" ஒரு கட்டத்திலும் "மெட்ரிக் மதிப்பு" அடுத்த கட்டத்திலும் வரும். சுதந்திரம் அடைந்து இத்தனை ஆண்டுக்குப் பிறகும் பிரிட்டிஷ் என்ற பெயர் வெட்கமில்லாமல் நிற்பது அங்கேதான்.

அலகு மாறும்போது எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் கதை இன்னும் வேடிக்கை. 2019 பிப்ரவரியில் விவசாயிகளுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் அறிவிக்கப்பட்டபோது வரம்பு 2 ஹெக்டேர். செய்தியில் எல்லாரும் 5 ஏக்கர் என்றார்கள். 5 ஏக்கர் 2.0234 ஹெக்டேர். 5.79 சென்ட் அதிகம் வைத்திருந்த குற்றத்துக்காக முழு ஐந்து ஏக்கர்க்காரர் கணக்குப்படி வெளியே. அதே ஆண்டில் வரம்பை எடுத்துவிட்டார்கள், பிழைத்தார். சொட்டுநீர்ப் பாசனத்துக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 விழுக்காடு மானியம், மற்றவர்களுக்கு 75. இங்கே கோடு 5 ஏக்கரில். அதே ஐந்து ஏக்கர்க்காரரின் நிலம் 202.34 ஏர், அரை ஏர் வழக்கப்படி பட்டாவில் "2 – 02.50" என்று ஏறியிருந்தால், திருப்பிப் பெருக்கும்போது 5.004 ஏக்கர் வரும். கால்குலேட்டரை நம்புகிற அதிகாரி முன் அவர் பெரிய விவசாயி.

மனை போடுகிறவர்களுக்கும் கோடுகள் உண்டு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016இன்படி 500 சதுர மீட்டருக்குள் இருந்தால் திட்டத்தைப் பதிவு செய்ய வேண்டியதில்லை. 12 சென்ட் 485.6 சதுர மீட்டர், உள்ளே. பன்னிரண்டரை சென்ட் 505.9, வெளியே. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 3,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சாலை போக மீதியில் 10 விழுக்காடு பொதுத் திறந்தவெளிக்கு விட வேண்டும், அல்லது ஒரு ஹெக்டேருக்கு உட்பட்டதாக இருந்தால் அதன் மதிப்பைக் கட்ட வேண்டும். 74 சென்ட் 2,995 சதுர மீட்டர். 75 சென்ட் 3,035. முக்கால் ஏக்கர் என்று ஆசையாக வாங்கியவர் ஒரு சென்ட் குறைத்து வாங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார். மனை விளம்பரங்களில் 23 அடிச் சாலை, 33 அடிச் சாலை என்று வருவதையும் கவனித்திருப்பீர்கள். வேறு எதற்கு ஒருவர் 23 என்று வைக்கப்போகிறார்? 7 மீட்டர் 22.97 அடி, 10 மீட்டர் 32.81 அடி. ஆனால் 12 மீட்டரை 40 அடி என்று விற்பவர் ஏழரை அங்குலம் சாலையைத் திருடுகிறார். 12 மீட்டர் 39.37 அடிதான்.

அடுக்குமாடியில் வேறு விதம். விளம்பரம் 950 சதுர அடி. ஒப்பந்தத்தில் 88 சதுர மீட்டர். 950 என்பது 88.26. அந்தப் புள்ளி இருபத்தாறை விட்டதில் 2.8 சதுர அடி போகிறது. சதுர அடி 7,000 ரூபாய் என்று வைத்தால் 19,400. ஒரு மாத வாடகை.

எழுத்துப் பிழைகளை இங்கே சேர்க்காவிட்டால் பேரேடு நிறைவடையாது. 33 அடி 10 அங்குலத்தை "33.10" என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவருக்கு அது அங்குலம். பெருக்குகிறவருக்கு அது தசமம், 33.1. உண்மையில் 33.83. மறுபக்கம் 41 அடி 3 அங்குலம் இருந்தால் மனையில் 30 சதுர அடி காற்றோடு போகிறது. நம் விலையில் 6,900 ரூபாய், நகரத்தில் சதுர அடி 3,000 என்றால் 90,750. அடுத்தது "0.05 சென்ட்". ஏக்கர் 0.05 என்று எழுத வேண்டியதைச் சென்ட்டோடு சேர்த்து எழுதிவிடுவார்கள். 5 சென்ட் நிலம் 21.78 சதுர அடியாகிறது. குளியலறைகூடக் கட்ட முடியாது. அதே வகையில் பட்டாவில் "0 – 4.05" என்பதை நாலு ஏர் என்று படிக்காமல் 0.405 ஹெக்டேர் என்று படித்தால் 10 சென்ட் நிலம் ஒரு ஏக்கராகிவிடும். இப்படிப் படித்து முன்பணம் கொடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவர் படித்தவர். அதுதான் பிரச்சினை, படிக்காதவராக இருந்தால் வி.ஏ.ஓ.விடம் கேட்டிருப்பார்.

இத்தனையும் சேர்ந்தாலும் ஊரில் நடக்கும் பெரிய ஓட்டைக்கு ஈடாகாது. நான்கு பக்கமும் டேப் பிடித்து, எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்து, இரண்டையும் பெருக்குவது. செவ்வகத்தைத் தவிர வேறு எந்த நாற்கோணத்திலும் இந்த விடை உண்மையைவிட அதிகமாகத்தான் வரும், ஒருபோதும் குறைந்து வராது. ஒரு உதாரணம். நான்கு பக்கமும் 66 அடி உள்ள நிலம். சராசரிக் கணக்கில் 4,356 சதுர அடி, நறுக்காகப் பத்து சென்ட். ஆனால் மூலைகள் நேராக இல்லாமல் சாய்ந்து, ஒரு மூலை 60 பாகையில் இருந்தால் உண்மைப் பரப்பு 3,772 சதுர அடி, 8.66 சென்ட். பத்து சென்ட்டில் 1,34,000 ரூபாய் போய்விட்டது, அடியை மீட்டராக்காமலேயே. நில அளவர்கள் இதற்காகத்தான் புலத்துக்குள் மூலைவிட்டம் போட்டு, முக்கோணங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். நீங்களும் ஐந்தாவதாக ஒரு மூலைவிட்டம் பிடியுங்கள். நான்கு பக்கம் மட்டும் தெரிந்தால் பரப்பு தெரியாது.

விளைச்சல் பக்கத்திலும் இதே சிக்கல் உண்டு, ஆனால் அங்கே பழைய அலகு சில சமயம் ஜெயிக்கிறது. காவிரிப் படுகையில் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. மொத்தத்தையும் யூரியாவிலிருந்தே எடுப்பதாக வைத்தால் ஹெக்டேருக்கு 326 கிலோ. ஏக்கருக்கு 132 கிலோ. இரண்டும் வாயில் நிற்காத எண்கள். மாவுக்குப் போடுங்கள்: 43.6 கிலோ. யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. மாவுக்கு ஒரு மூட்டை, அதைத் தவணையாகப் பிரித்துப் போட்டால் முடிந்தது கதை. ஹெக்டேர்ப் பரிந்துரையை ஏக்கருக்கு என்று கேட்டுக்கொண்டு ஏழு மூட்டை இறைப்பவர்களும் உண்டு. பயிர் சாய்ந்தபின் காற்றைக் குறை சொல்வார்கள். ஒற்றை நாற்று நடவுக்கு ஹெக்டேருக்கு 100 சதுர மீட்டர் நாற்றங்கால் என்பார்கள். அது சரியாக ஒரு ஏர். ஏக்கருக்கு ஒரு சென்ட் என்று நினைவு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை, நூறில் ஒன்று எந்த அலகிலும் நூறில் ஒன்றுதான்.

எங்கள் பங்குக்கு வருகிறேன். எண்ணை மாற்றிக்கொள்வதைவிட அளந்துவிடலாம் என்று தம்பிதான் சொன்னான். கட்டணம் கட்டி மனுக் கொடுத்தோம். நில அளவர் ஒரு காலை வேளையில் வந்தார். காணாமல் போன இரண்டு கல்லில் ஒன்று வாய்க்கால் கரையில் சேற்றுக்குள் இருந்தது, மற்றதற்குப் பக்கத்துப் புலத்தின் கற்களிலிருந்து கோடு பிடித்தார். புதுப் படத்தில் மொத்தம் 4,016 சதுர மீட்டர். பட்டாவைவிட 34 குறைவு, ஏக்கரைவிட 31 குறைவு.

நான் மடியில் இருந்த காகிதத்தில் 10.764ஆல் பெருக்கினேன். 43,228 சதுர அடி. தாத்தாவின் மூன்று மா, கூடவே 28 சதுர அடி. கோல் பிடித்து அளந்தவர்கள், பிறகு வந்த அத்தனை பேரையும்விடச் சரியாக அளந்திருக்கிறார்கள்.

ஆளுக்கு 2,008 சதுர மீட்டர் என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதச் சொன்னோம். எழுத்தர் பழக்கதோஷத்தில் "ஏக்கர் 0.50" என்று தொடங்கினார். நிறுத்தி, முதலில் சதுர மீட்டர், அதன்பின் 21,614 சதுர அடி, அதன்பின் வேண்டுமானால் 49.62 சென்ட், முரண்பட்டால் சதுர மீட்டரே செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்தபடி எழுதிக்கொடுத்தார். நீங்கள் பத்திரம் எழுதப் போகும்போதும் அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.